பாடம் அறியாத பெற்றோரும் துணை நிற்கலாம்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் பள்ளிப் பேச்சுதான். கட்டணம், சீருடை, குறிப்பேடு, தனிப்பயிற்சி என்று செலவுக் கணக்கு நீள்கிறது. அக்கணக்கைச் சரிக்கட்டியதும் கடமை முடிந்தது என்று நம்மிற் பலர் எண்ணிவிடுகிறோம். "நாங்கள் என்ன படித்தோம், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க?" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் பிழையானவை என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நந்தனத்தையே எடுத்துக்கொள்வோம். கல்விக்கு இங்கே குறைவில்லை. அரசு கலைக் கல்லூரி இங்குண்டு. ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இங்குண்டு. அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் கோட்டூர்புரத்தில், 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் நிற்கிறது. சிறுவர்க்கென அங்கே தனிப் பகுதியே உண்டு. ஆயினும் இவற்றின் அருகில் வாழும் பெற்றோர் அனைவரும் பட்டதாரிகள் அல்லர். அலுவலகங்களில் உயர் பதவி வகிப்போரும் உளர். வீட்டுவேலை செய்தும் ஆட்டோ ஓட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைப்போரும் உளர். முன்னவர் நேரமில்லை என்கின்றனர். பின்னவர் படிப்பில்லை என்கின்றனர். இரு வீடுகளிலும் பிள்ளை தனியே புத்தகத்தோடு போராடுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளின் முதன்மையான ஆசான்கள் பெற்றோரே என்று தெளிவாக உரைத்தது. படித்த பெற்றோர், படிக்காத பெற்றோர் என்று அது பிரிக்கவில்லை. உயிர் அளித்த காரணத்தாலேயே அக்கடமை அவர்களைச் சேர்கிறது. அப்படியாயின், எழுத்தறியாத தாய் எவ்வாறு ஆசானாவாள்?

கேட்பதன் மூலம் ஆவாள். மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, "இன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள்? எனக்குச் சொல், கண்ணு" என்று கேட்கட்டும். பத்து முறை வாசித்ததைக் காட்டிலும், ஒரு முறை பிறருக்கு எடுத்துச் சொன்னது மனத்தில் ஆழப் பதியும். பிள்ளை சொல்லிவரும்போது எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் பாடம் விளங்கவில்லை. "இதை நாளைக்கு டீச்சரிடம் கேட்டு வா" என்று சொல்லி அனுப்பினாற் போதும். இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும்.

அடுத்து, படிக்கும் நேரம். ஒரே அறையுள்ள வீடாயினும், நாள்தோறும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவைக்கலாம். கைப்பேசியை முதலில் கீழே வைக்கவேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.

உடலையும் மறக்கலாகாது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைச் சென்னை நகரம் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்தது. 1920-இலேயே பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு உணவு வழங்கத் தொடங்கினர். நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு அரசின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது 2025 ஆகஸ்ட் 26 அன்று. அதன் தொடக்க விழா நடந்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். உணவைப் பள்ளி தரலாம். உறக்கத்தை வீடுதான் தரவேண்டும். மாலை விளையாட்டையும் வீண் என்று தடுத்தல் தகாது. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையை மந்தம் என்று ஏசுவதற்கு முன், கண் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பள்ளியோடு உறவும் தேவை. புகார் சொல்ல மட்டும் ஆசிரியரைத் தேடிச் செல்வது நம் வழக்கமாகிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருக்கவும், பாதிப் பேர் பெண்களாய் இருக்கவும் வகை செய்துள்ளது. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தாய்மார் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாகாது.

இறுதியாக, மதிப்பெண். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. நம் வீடுகளில்தான் அது இன்னும் ஒழியவில்லை. "எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்!" என்ற சொல் எத்தனை இளம் உள்ளங்களைப் புண்படுத்தியிருக்கிறது! தேர்வு முடிவு வந்த அன்று வீடு திரும்ப அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி நாளேடுகளில் படித்துக் கலங்கியிருக்கிறோம். தேர்வில் தவறியோர்க்குத் துணைத் தேர்வு உண்டு. போன உயிர்க்கு மறுதேர்வு இல்லை. ஆகவே அந்நாளில் நம் வாயிலிருந்து வரும் முதற்சொல், "வா கண்ணு, முதலில் சாப்பிடு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம்" என்பதாய் இருக்கட்டும்.

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்த இயேசுவை, மூன்று நாள் தேடி மரியன்னையும் சூசையப்பரும் கண்டடைந்தனர். அப்போது அவர் கூறிய மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதுகிறார். விளங்கவில்லையே என்று அவர்கள் விலகிவிடவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அன்னை அனைத்தையும் தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். அந்த நாசரேத்து இல்லத்தில்தான் அவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார். நம் பிள்ளைகளின் பாடமும் நமக்கு விளங்காதிருக்கலாம். அதனால் விலகிவிடாமல், இன்று மாலை குடும்ப செபம் முடிந்ததும் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கத் தொடங்குவோமாக.