பருவதமலை ஏற விமானத்தில் வருகிறீர்களா?

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, பருவதமலை. உயரம் சுமார் 4,500 அடி. மேலே போகப் போகச் செங்குத்துப் பாறைதான். இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் அடித்த கடப்பாறைகளில் கால் வைத்து ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோவில். பவுர்ணமி என்றால் கூட்டம் அதிகம்.

மும்பை, டெல்லி போன்ற ஊர்களில் வேலை பார்ப்பவர்கள், மலை ஏறுவதற்காகச் சென்னை வரை விமானத்தில் வருவதும் உண்டு. அவர்கள் மூட்டையில் என்ன இருக்கும்? ஊன்றுகோல், கத்தி, டார்ச் விளக்கு, சின்ன அடுப்பு, அதற்கு ஒரு காஸ் டப்பா. சாமிக்குத் தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி.

இந்த மூட்டை அப்படியே விமானம் ஏறாது!

அடி அறையில் ஆள் இல்லை

காஸ் டப்பாவைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது. விமானத்தின் அடி அறையில் ஏற்றும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றுக்கும் இதே தடைதான்.

ஏன் இந்தக் கெடுபிடி? அடி அறையில் தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைக்க அங்கே ஆள் கிடையாது. 1996-ம் ஆண்டு மே 11-ந் தேதி, அமெரிக்காவில் 'வேல்யூஜெட்' விமானத்தின் அடி அறையில், ஏற்றக் கூடாத பிராண வாயுக் கருவிகளை ஏற்றிவிட்டார்கள். தீ மூண்டது. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் இருந்த 110 பேரும் மாண்டார்கள்.

கொப்பரையும் பெட்டியில் கூடாது என்றால் சிரிப்பு வரும். ஆனால், எண்ணெய்ப் பண்டமான அது தானாகவே சூடேறக்கூடியது. அதனால் 2022-ம் ஆண்டில் அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக, 2024-ம் ஆண்டு அக்டோபரில் தனி அனுமதி கொடுக்கப்பட்டது. அந்த அனுமதி 2025 ஜனவரி 20 வரை இருந்தது, சோதனையும் இருந்தது.

பவர் பேங்க்

போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் சமாசாரம் நேர் தலைகீழ்! அதைப் பெட்டியில் போடக் கூடாது. கையோடுதான் கொண்டு போக வேண்டும். புகைந்தால் உடனே கண்ணில் படும் அல்லவா? டார்ச்சுக்கு வைத்திருக்கும் உபரி லித்தியம் பேட்டரியும் இப்படித்தான்.

2025 ஜனவரி 28-ந் தேதி, தென் கொரியாவின் பூசானில், புறப்பட இருந்த விமானத்தில் தலைக்கு மேல் உள்ள பரணில் தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசு கூறியது. விமானம் எரிந்துபோனது, 176 பேரும் தப்பினார்கள். ஆகவே பரணில் போடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கத்தியும் மலை ஏறும் ஊன்றுகோலும் பெட்டிக்குள் போகலாம். தாத்தா நடக்க ஊன்றும் கைத்தடியைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். அடுப்பில் எண்ணெய் வாடைகூட இருக்கக் கூடாது. விமானக் கம்பெனியிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கற்பூரமும் தீப்பெட்டியும்? கலசப்பாக்கம் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம்!