பள்ளிக்கூடம் வேண்டாம்; வீட்டிலேயே பாடம்!
காசிமேட்டில் எடுபடுமா?

திருவொற்றியூர்,

2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். திடீரென்று ஒரு நெடி! பிள்ளைகளுக்குக் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறல். 30-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

நவம்பர் 4-ந் தேதி பள்ளி மறுபடி திறந்தது. அன்றைக்கே மீண்டும் சில மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். வாசலில் பெற்றோர் கூட்டம், கூச்சல்!

"படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், புள்ள வூட்லயே இருக்கட்டும்" என்று பெற்ற வயிறு நினைப்பதில் தப்பில்லை. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இப்போது படித்த குடும்பங்களில் பரவி வருகிறது. அது இந்தப் பக்கம் சரிப்படுமா?

பயத்துக்காக என்றால் சரிப்படாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அப்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான், தூக்கத்தில்!

குகேஷ் படித்த படிப்பு

செஸ் உலக சாம்பியன் குகேஷ் நம் சென்னைப் பையன். 4-ம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவர். 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வீழ்த்திப் பட்டம் வென்றபோது வயது 18.

பள்ளி மணிக்குக் கட்டுப்படாமல் தனக்குப் பிடித்ததில் நாள் பூராவும் மூழ்கலாம். வீட்டுப் படிப்பின் பெரிய லாபம் அதுதான். ஆனால் குகேஷின் அப்பா காது, மூக்கு, தொண்டை டாக்டர். தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போனார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது.

காசிமேட்டில் அப்பா கடலில். அம்மா விடியுமுன்னே கூடையோடு ஏலத்துக்கு. இருப்பதோ ஒரே ரூம். யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது?

கொரோனாவில் இதைப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒரு செல்போன், மூன்று பிள்ளைகள்! விட்ட பாடத்தைப் பிடிக்கத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. பக்கத்துத் தெருப் பெண் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார்.

சோறும் போகும், சீட்டும் போகும்

இன்னொன்று. 2022-ல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, மதியச் சத்துணவு, இலவசப் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் பள்ளி வாசலில் கிடைப்பவை. 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடு அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு. வீட்டில் படித்த மீனவர் மகளுக்கு அந்தச் சீட்டு கிடையாது. வசதியுள்ளவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. நமக்கு?

சட்டமும் வழவழாதான். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியைத்தான் பேசுகிறது. வீட்டுப் படிப்பு கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

யாருக்கு உதவும்?

படகுக்கும் பட்டறைக்கும் பாதியில் போய்விட்ட பையன்களுக்கு இந்த வழி உதவும். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேற 5 பாடம். ஒரு தடவை பதிந்தால் 5 வருஷம், 9 வாய்ப்பு. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் நிற்கும். புத்தகத்தைப் புரட்ட அந்த 61 நாள் கையில் இருக்கிறது.