வெள்ள அழிவும் பயிர் நட்டஈடும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின் பெருமழையால் நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறி நிலங்களும் வயல்களும் மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் இரையாயின. இத்தகைய அழிவுக்கு அரசாங்கம் அளிக்கும் உதவி எவ்வழியாக வருகின்றது என்பதைச் செய்கையாளர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இலங்கையில் பயிர்க் காப்புறுதி 1958 இல் நெற்செய்கைக்கெனப் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 2018 இல் நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை நட்டஈடு வழங்கும் திட்டம் ஏற்பட்டது. கறட், லீக்ஸ், கோவா என்பன இவ்வறுபயிர்களுள் இடம்பெறவில்லை. மலைநாட்டுச் செய்கையாளருக்கு இது சிறு குறையன்று. தித்வா அழிவின் பின்னர் மரக்கறிகளுக்கும் அரசாங்கம் உதவி அறிவித்தது.

நட்டஈடு நிலத்தின் அளவைக் கொண்டு கணிக்கப்படுவதாகும். ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆதலால், 20 பேர்ச் உருளைக்கிழங்குக்கு மேற்கூறிய வீதப்படி 5,000 ரூபாவே உச்சத் தொகையாம். பெயரும் அளவும் சரிபார்க்கப்படும் இடம் கமநல சேவை நிலையம். லயத்தை அடுத்த தோட்டக் காணியில் உறுதியின்றிப் பயிரிடும் தொழிலாளரின் பெயர் அங்குள்ள இடாப்பில் இல்லாது போவதுண்டு. அவருக்குப் பயிரும் போய், உதவியும் கைநழுவுகின்றது. அத்தகையோர் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்று, போகந்தொடங்குமுன் பதிவு பற்றி நிலையத்தில் விசாரித்தல் நன்று.

அழிவு நேரின், சேற்றை அகற்றி மறுநடுகை செய்யுமுன்னரே கிராம உத்தியோகத்தருக்கும் நிலையத்துக்கும் அறிவித்தல் வேண்டும். புதிதாக நட்ட பாத்தியில் உத்தியோகத்தர் எந்த நட்டத்தைக் காண்பார்? விதைக்கிழங்கு, பசளை ஆகியன வாங்கிய பற்றுச்சீட்டுகளை மழைநீர் படாத இடத்தில் வைத்துக்கொள்க.