மேல்கணக்கில் மா இல்லை, கீழ்க்கணக்கில் மா இருக்கு!

"கடையில மா முடிஞ்சிருச்சு அக்கா. புதன்கிழமைதான் லொறி வரும்."

கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நமக்கு இந்தப் பதில் புதிதல்ல. இரவைக்கு ரொட்டி சுட மா வேண்டும். டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. அதே நேரம் கீழ்க்கணக்குக் கூட்டுறவுக் கடையில் நாலு மூடை மா சும்மா கிடக்கலாம்!

ஒவ்வொரு கடையும் தனித்தனியே சரக்கு எடுப்பதுதான் காரணம். ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு கடையிலும் வாரத்துக்கு 8 மூடை வீதம் மா விற்கிறது என்று வைப்போம். சில வாரம் 6, சில வாரம் 10. தட்டுப்பாடு வராமலிருக்க இரண்டு கடையும் 10 மூடைப்படி, மொத்தம் 20 மூடை வைக்க வேண்டும். ஆனால் இரண்டிலும் ஒரே வாரத்தில் 10 மூடை விற்பது அடிக்கடி நடக்காது. ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கினால் 18 மூடையே அநேகமாகப் போதும். மிச்சக் காசுக்குப் பருப்பு எடுக்கலாம். மாவில் வண்டு விழுவதும் குறையும்.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும்:

1. கிழமைக்கு ஒருநாள் இரண்டு கடையும் இருப்பை எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும்.

2. அடுத்த லொறி வரும்வரை தன் கடைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தையே கொடுக்க வேண்டும்.

3. கொள்விலைக்கே கொடுக்க வேண்டும். இலாபம் வைத்தால் அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

4. துண்டு இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையொப்பம் வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு கூடாது. மாத முடிவில் கணக்குத் தீர்க்க வேண்டும்.

5. காலாவதியாகப் போகும் சாமானை அடுத்த கடைக்குத் தள்ளிவிடக் கூடாது.

இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. சம்பள நாளிலும் தீபாவளிக்கும் எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் கூட்டம். அப்போது பகிர மிச்சம் இராது; முன்கூட்டியே கூடுதலாக எடுக்க வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடே தட்டுப்பாட்டில் தவித்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான காலத்தில் பகிர்வதால் சரக்குக் கூடாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதே நியாயம். முந்தி வந்தவர் மூடையோடு போனால், பிந்தி வரும் கொழுந்துக்காரிக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சை நாமே எடுப்போம். முதலில் மா ஒன்றை மட்டும் மூன்று மாதம் பகிர்ந்து பார்ப்போம். கணக்குச் சரியாக வந்தால் சீனி, பருப்பு என்று கூட்டிக்கொண்டு போகலாம்.