பெட்டியைக் கீறுவது யார்?

மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பெட்டி மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மருந்து விற்பவர், மின்சார வேலை செய்பவர், குடும்பத்தோடு வெளியூர் போகிறவர் என்று பலருக்கும் அந்தப் பெட்டி வேண்டும். வாங்கிய அன்று அது கண்ணாடி போல மின்னும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். மேலே கோடு கோடாகக் கீறல்! ஓரமெல்லாம் சிராய்ப்பு!

"யார் கீறியது?" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். பெரும்பாலும் அவர்கள் மேல் தப்பு இல்லை. உண்மையான குற்றவாளி சாலைப் புழுதிதான்!

மணலின் பலம்

புழுதியில் பொடி மணல் இருக்கிறது. 1812-ம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அந்தக் கணக்கில் நம் விரல் நகம் சுமார் இரண்டரை. வைரம் 10. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7!

பெட்டியின் பெயிண்டோ மிக மெல்லியது. அடியில் பிரைமர், நடுவில் நிறம், மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு. எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் கனம்தான். மணல் உரசினால் அது தாங்குமா?

உலர்ந்த துணி வேண்டாம்

காலையில் வண்டியை எடுக்கும்போது, கையில் கிடைத்த துணியால் புழுதியைத் தட்டித் துடைப்பது பலருக்கும் வழக்கம். சுத்தம் செய்வதாக நினைக்கிறோம். உண்மையில், மணலைப் பெட்டி மேல் வைத்துத் தேய்க்கிறோம். அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள். பிறகு ஷாம்பு கரைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, மேலிருந்து கீழே துடையுங்கள். துணியை அலச வேறு வாளி வையுங்கள். ஒரே வாளி என்றால், கழுவிய மணல் மறுபடியும் துணியில் ஏறும். தையல் இல்லாத பழைய பனியன் துணி நல்லது. பாத்திரம் தேய்க்கும் நாரும் பவுடரும் கூடவே கூடாது.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் போட்டு ஊறவிடுங்கள். தானே வந்துவிடும்.

அசைந்தால் ஆபத்து

பெட்டி மேல் பையைக் கட்டுகிறோம். வண்டி ஓடும்போது பை அதிர்கிறது. பைக்கு அடியில் நாலு மணல் இருந்தால் போதும், ஊர் போய்ச் சேருவதற்குள் நிறம் மங்கிவிடும். ஆகவே, கட்டும் முன் பெட்டியையும் பையின் அடியையும் சுத்தம் செய்யுங்கள். அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். எலாஸ்டிக் கயிற்றின் கொக்கியைப் பெட்டி விளிம்பில் மாட்டாமல் கேரியர் கம்பியில் மாட்டுங்கள்.

பின்னால் ஏறுகிறவரின் செருப்பு படும் இடத்தில், அதற்கென்றே விற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை ஒட்டலாம். 1960-களில் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணல் அரிக்காமல் காக்க ஒட்டிய தாளின் வழியில் வந்தது இது. பெட்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் சில வாரம் பொறுங்கள். பெயிண்ட் இறுகும் முன் ஒட்டினால், தாளை உரிக்கும்போது பெயிண்டும் கூட வரும்.

நகமே டாக்டர்

கீறல் விழுந்துவிட்டதா? பெட்டியைக் கழுவிவிட்டு அதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் காயம் மேலோடு நிற்கிறது. வண்டிக்கான பாலிஷ் போட்டால் பெரும்பாலும் மறையும். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது. பாலிஷ் உதவாது.

இரும்புப் பெட்டியில் தகரம் தெரிகிறது என்றால் நாள் கடத்தாதீர்கள். ஈரமும் காற்றும் பட்டால் துரு பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். துரு வெளியே சிறிதாகத் தெரியும். பெயிண்டுக்கு அடியில் மெல்லப் பரவும். பிறகு ஓட்டை விழும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். மருந்தும் நனையும், பிள்ளையின் பாடப் புத்தகமும் நனையும். பெட்டி விலையே போய்விடும்!

உடனே துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பிரைமர் தொட்டு, காய்ந்தபின் அதே நிறத்தைத் தொட்டு வையுங்கள். சிறிய கீறலுக்குச் சிறிய தூரிகை போதும்.

பிளாஸ்டிக் பெட்டிக்குத் துரு பயம் இல்லை. ஆனால் கறையை எடுக்கப் பெட்ரோல் போடாதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக் அதனால் வெடித்துவிடும். தீப் பிடிக்கும் அபாயமும் உண்டு.

நினைவில் வைக்க வேண்டியது இரண்டே விஷயம். துணிக்கு முன்னால் தண்ணீர்! கட்டினால் அசையாத கட்டு! இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. பெட்டியோ பல வருஷம் புதுசாகவே இருக்கும்.