பள்ளி வாசலோடு நின்றுவிட்ட சட்டம்: ‘உடான்’ எழுப்பிய கேள்வி

புது தில்லி: பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதற்குத் தடை விதித்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி விக்ரமாதித்ய மோத்வானே இயக்கிய ‘உடான்’ என்ற ஹிந்தித் திரைப்படம் வெளியானது. ஆசிரியரின் கையிலிருந்த பிரம்பைச் சட்டம் பறித்தது. தந்தையே கையை ஓங்கினால் தடுப்பது யார் என்று திரைப்படம் கேட்டது. அந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் இன்னும் முழுமையாக விடையளிக்கவில்லை.

சிம்லாவில் விடுதியில் தங்கிப் படிக்கும் ரோஹனுக்கு 17 வயது. தாயை இழந்தவன். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தந்தை அவனைப் பார்க்க வந்ததில்லை. நண்பர்களுடன் விடுதியிலிருந்து நழுவி, வயதுவந்தோருக்கான படம் பார்க்கச் சென்று பிடிபடுகிறான், பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான்.

அவன் திரும்பும் ஜாம்ஷெட்பூர் வீட்டில் தந்தையை ‘சார்’ என்றே அழைக்க வேண்டும். விடியலில் ஓட்டப் பயிற்சி, தந்தையின் ஆலையில் வேலை, பொறியியல் படிப்பு. எழுத்தாளனாக வேண்டும் என்ற அவனது ஆசைக்கு அங்கு இடமில்லை. அதுவரை அவன் அறிந்திராத ஆறு வயதுத் தம்பி அர்ஜுனும் அங்கிருக்கிறான். தந்தையிடம் அடிபட்டு அச்சிறுவன் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, படிக்கட்டில் விழுந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லப்படுகிறது.

கேன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இப்படத்தில், தந்தையாக நடித்த ரோனித் ராய்க்குச் சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

இது வெறும் கற்பனையல்ல என்பதற்கு அரசின் ஆவணமே சான்று. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே.

சட்டம் அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால், 12 வயதுக்கு உள்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன் பாதுகாவலர் செய்யும் செயல் குற்றமாகாது என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் தொடர்கிறது. கொடுங்காயம் விளைவித்தால் இவ்விலக்கு பொருந்தாது. அதற்குக் குறைந்த அடி ‘கண்டிப்பு’ என்ற பெயரில் தப்பித்துக்கொள்ளும் வழி அடைபடவில்லை.

பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையை வன்முறையிலிருந்து காக்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992-இல். 2015 டிசம்பர் 22-ஆம் தேதி மாநிலங்களவை சிறார் நீதி மசோதாவை நிறைவேற்றியபோது, கொடிய குற்றம் புரியும் 16 முதல் 18 வயதினரை வயதுவந்தோர்போல் விசாரிக்கலாமா என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. குற்றவாளியாக வந்து நிற்கும் வளரிளம் பருவத்தினர் அவையின் கவனத்தைப் பெற்றனர். வீட்டுக்குள் அடிபடுபவர்கள் பெறவில்லை.

அச்சட்டம் குழந்தையைக் கூடிய விரைவில் குடும்பத்துடன் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறது. அது குழந்தையின் நலனுக்கு உகந்ததாக இல்லாவிடில் தவிர, என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறது. ‘உடான்’ கதை முழுவதும் அந்த நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது. தந்தை அளித்த பரம்பரைக் கைக்கடிகாரத்தைக் கடிதத்துடன் விட்டுவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான் ரோஹன். குடும்பம் என்று அவன் கருதியது அந்தச் சிறு கையைத்தான். எல்லா அர்ஜுன்களுக்கும் அப்படி ஓர் அண்ணன் வாய்ப்பதில்லை என்பதால்தான் சட்டத்தின் கை தேவைப்படுகிறது.