பிடித்த வரியைத் திரும்பப் பெறுவோம்

எங்கள் மத்ரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மூத்த மகள் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவர். திருமணம் நிச்சயமானதும் வேலையை விட்டு, வருங்கால வைப்பு நிதியை எடுத்தார். வரவேண்டிய 80,000 ரூபாயில் 72,000 மட்டுமே கைக்கு வந்தது. மீதி 8,000 எங்கே என்பதே அந்தத் தாயாரின் கேள்வி.

"அது வருமானவரி, கணக்குக் காட்டினால் திரும்ப வரும்" என்றேன். "எங்களுக்கு வருமானவரியா, ஹஜரத்? நாங்கள் என்ன முதலாளிகளா?" என்று அவர் வியந்தார்.

இந்த வியப்பு நம் மஹல்லாக்களில் பல வீடுகளுக்குப் பொதுவானது. குரோம் தோல் தொழிற்சாலையினால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன பல்லாவரம், 1984இல் ஏற்றுமதி மண்டலம் அமைந்த தாம்பரம் சானடோரியம் ஆகிய இடங்களில் பாடுபடுவோர் பலர். வரி செல்வந்தருக்கு உரியது, அதைப் பற்றி நமக்கென்ன என்று அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். அதனாலேயே உழைத்த பணத்தை இழந்தும் விடுகின்றனர்.

பிடித்தம் வேறு, வரி வேறு

பணம் கொடுக்கும் இடத்திலேயே ஒரு பகுதியை நிறுத்தி அரசுக்குச் செலுத்துவது 'மூலத்தில் வரிப் பிடித்தம்' எனப்படும். ஐந்து ஆண்டுப் பணி நிறைவுறும் முன் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் வைப்பு நிதி எடுத்தால், பான் அட்டை உள்ளவருக்கு 10 சதவீதம் பிடிப்பர். தொழிற்சாலைக்கு ஒப்பந்த முறையில் வேன் ஓட்டுபவருக்கு ஆண்டுக் கூலி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் பிடிப்பர். மாதம் 25,000 பெறும் ஓட்டுநருக்கு இது ஆண்டுக்கு 3,000 ரூபாய். பான் எண் கொடுக்காதவரிடம் பிடித்தம் 20 சதவீதமாகும்.

பிடிப்பவர் நம் முழு வருமானத்தையும் அறியமாட்டார். ஆண்டு முடிவில் நாம் கணக்குக் காட்டிய பின்னரே, உண்மையில் வரி உண்டா இல்லையா என்பது முடிவாகும். அந்தப் பெண்ணின் அவ்வாண்டு வருமானம் வைப்பு நிதியையும் சேர்த்து 3 லட்சத்தை எட்டவில்லை. ஆகவே வரியே இல்லை. 2025-26ஆம் நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்திற்குத் தள்ளுபடி மூலம் வரி இல்லாமற் போகிறது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு, பிடித்த பணம் தானாகத் திரும்பாது. வரி இல்லாதவர் கணக்குக் காட்ட வேண்டியது இதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை

வருமானவரித் துறையின் இணையதளத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கட்டணமே இல்லை. முதலில் வருடாந்திரத் தகவல் அறிக்கையை எடுத்து, நம் பெயரில் எவ்வளவு பிடிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். வங்கிக் கணக்கை அத்தளத்தில் உறுதிசெய்யுங்கள். பான் அட்டையிலுள்ள பெயரும் வங்கியிலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் வழியாக வரும் ரகசிய எண்ணைக் கொண்டு அதைச் சரிபார்த்து முடியுங்கள். இதை மறப்பதால் தடைபடும் தொகைகள் உண்டு. ஐயம் எழுந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை செய்யலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழிருப்பின் பொதுவாகத் தாமதக் கட்டணமும் இல்லை. அதையும் தவறவிட்டவர், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு மனுச் செய்யலாம். 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இதற்கு, மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் வைத்துள்ளது. பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால், பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பொய்க் கணக்கு வேண்டாம்

"கட்டாத வீட்டு வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதி அதிகம் வாங்கித் தருகிறேன், பங்கு கொடுங்கள்" என்று கூறும் தரகரிடம் எச்சரிக்கையாயிருங்கள். 2025 ஜூலையில் வருமானவரித் துறை நாடெங்கும் இத்தகைய தரகர்களைச் சோதனையிட்டது. தமிழ்நாட்டிலும் போலிக் கோரிக்கைகள் பிடிபட்டன. சிக்கினால் தப்பிய வரியைப் போல் இருமடங்கு அபராதம் உண்டு. அதைக் கட்டுபவர் தரகர் அல்லர், கணக்குக்கு உரியவரே. நமக்குரிய ஹக்கைக் கேட்பது ஹலால். இல்லாத செலவை எழுதி வாங்குவது ஹலாலாகுமா?

மஹல்லாவில் ஒரு மேசை

அமெரிக்காவில் 1975 முதல், குறைந்த ஊதியத்தில் உழைப்போருக்கு வரிக் கணக்கு வழியாக அரசு கூடுதல் தொகையே வழங்கி வருகிறது. தன்னார்வலர்கள் நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் அமர்ந்து இலவசமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கின்றனர். நம் நாட்டில் அத்தகைய கூடுதல் தொகை இல்லை. 2006இல் மத்திய அரசு இளைஞர்களைப் பயிற்றுவித்து, சிறு கட்டணத்தில் கணக்குத் தயாரிக்க உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. இலவசமாகச் செய்ய நம்மிடையே ஆட்கள் இல்லையா? நம் பிள்ளைகளில் பி.காம். படித்தவர்கள் எத்தனை பேர்! ஜூன், ஜூலை மாதங்களில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசையும் கணினியும் போதும். பெண்களுக்குப் பெண்களே உதவும் ஏற்பாடும் வேண்டும். உதவுவோர் பிறருடைய கடவுச்சொல்லை அமானிதமாகக் கருதி, வேலை முடிந்ததும் உரியவரையே அதை மாற்றச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் தெருவில் பி.காம். படிக்கும் மாணவர் ஒருவர் மாலையொன்றில் கணக்கு எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் 8,000 ரூபாயும் வங்கியில் வந்து சேர்ந்தது. பணம் எடுக்கும் முன்பே, வரி வராத வருமானம் என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திராது. அக்காலத்தில் 15ஜி எனப்பட்ட அப்படிவத்தைப் பற்றி அவருக்கு ஒருவரும் கூறவில்லை. உங்கள் வீட்டிலும் வேலையை விட்ட மகளோ, வேன் ஓட்டும் மகனோ இருக்கலாம். இன்றே அவர்களிடம் கேளுங்கள்.